87 சதவீதத்தில் ஒரு மரணம்

பங்குனி பிறந்தால் மந்தைவெளியில் வீட்டுக்கு ஓர் ஒளிப்பதிவாளர். கபாலீசுவரர் கோயில் பெருவிழாவின் எட்டாம் நாள் அறுபத்து மூவர் உற்சவம். நாயன்மார்கள் மாடவீதியில் பல்லக்கில் வர, கூட்டம் மொத்தமும் இரு கைகளையும் தலைக்கு மேல் தூக்கும். கும்பிட இல்லை, வீடியோ எடுக்க. எங்கள் உறவில் எடுத்ததையெல்லாம் சேர்த்து ஒரே படமாக்கும் வேலை என்னிடம் வந்தது. லேப்டாப்பில் எடிட்டிங் மென்பொருள் வைத்திருந்த பாவம்.

வெட்டி ஒட்டியாயிற்று. எக்ஸ்போர்ட் கொடுத்தால் 87 சதவீதம் வரை சமர்த்தாகப் போகும். பிறகு திரை வெளுக்கும், 'நாட் ரெஸ்பாண்டிங்' என்று வரும், மென்பொருள் மறைந்துவிடும். போகிற போக்கில், நடந்ததைப் பற்றி நிறுவனத்துக்கு அறிக்கை அனுப்பலாமா என்று வேறு கேட்கும். எனக்கு ஒரு பிரதி கொடுத்தால் குறைந்தா போய்விடும்?

அத்திம்பேர் வங்கியில் ஓய்வு பெற்றவர். "ஆஃப் பண்ணி ஆன் பண்ணுடா. எங்க பிராஞ்ச்ல எல்லாத்துக்கும் அதான் வைத்தியம்" என்றார். அத்தை பஞ்சாங்கத்தைப் புரட்டி, "வியாழக்கிழமை ஒன்றரைலேர்ந்து மூணு ராகு காலம். அதுல போயா ஆரம்பிச்சே?" என்றாள். மாடி வீட்டு மாமியின் பார்வை இன்னும் ஆழமானது. "கீழே மெட்ரோவுக்குச் சுரங்கம் தோண்டறாளோன்னோ? கட்டடமே அதிர்றது, உன் லேப்டாப் எம்மாத்திரம்?"

எதிர் ஃபிளாட்டில் இன்ஜினியரிங் படிக்கும் பையன் கிராஃபிக்ஸ் டிரைவர் பழசு என்றான். புதுசு போட்டேன். "புதுசுல பக் இருக்கு அங்கிள், பழசுக்கே போயிடுங்க" என்றான். போனேன். மென்பொருளின் தற்காலிகச் சேமிப்பைத் துடைத்தேன். ரிச்சி தெருவுக்குப் போய்க் கூடுதல் ரேம் வாங்கி மாட்டினேன். பலன் இருந்தது. அதே 87க்கு முன்பைவிட வேகமாகப் போய்ச் சேர்ந்தது.

கோடம்பாக்கத்தில் மூவியோலாவில் ஃபிலிமை ஓட்டி, வெட்டி ஒட்டிய காலத்தில் இந்த வம்பு கிடையாது. 1994இல் வந்த 'மகாநதி'யை அவிட் என்ற கணினித் தொகுப்பு மென்பொருளில் தொகுத்தார்கள்; பிறகு மெல்ல மெல்லக் கத்தரி போய் மவுஸ் வந்தது. ஆனால் ஃபிலிம் அறுந்தால் அறுந்த இடம் கையிலேயே இருக்கும். இதை நினைத்தபோதுதான் பொறி தட்டியது. நம்முடையதும் ஒரே இடத்தில்தானே அறுகிறது? ரேம் போதாமலோ சூடு ஏறியோ விழுகிற மென்பொருள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு அங்கே என்று விழும். ராகு காலமும் மெட்ரோவும்கூட இவ்வளவு துல்லியமாக வேலை செய்யாது. ஒரே இடம் என்றால் அங்கே இருக்கும் கிளிப்தான் வில்லன்.

கடைசிப் பகுதியை இரண்டாக வெட்டித் தனித்தனியே எக்ஸ்போர்ட் செய்தேன். செத்த பாதியை மறுபடி இரண்டாக்கினேன். இப்படியே போனதில் அகப்பட்டது, அமெரிக்காவிலிருந்து வந்திருந்த அத்தை பிள்ளை எடுத்த கிளிப்!

அவன் ஃபோன் ஹெச்.265 முறையில் பதிகிறது. அதில் பெரும்பாலான ஃபிரேம்கள் முழுதாக இருக்காது. பக்கத்து ஃபிரேமிலிருந்து என்ன மாறியது என்பது மட்டும் இருக்கும். கோப்பு சிறிதாகும், ஆனால் பிரித்துப் படிக்கக் கணினிக்கு மூச்சு வாங்கும். போதாததற்கு, வெயிலிலிருந்து நீர்மோர்ப் பந்தல் நிழலுக்குப் போனதும் ஃபோன் தானாகவே விநாடிக்கான ஃபிரேம்களைக் குறைத்துக்கொண்டது. காலப்பிரமாணம் நிற்காத மிருதங்கத்துக்குப் பாடச் சொன்னால் பாடகர் என்ன செய்வார்? மென்பொருள் மேடையை விட்டே இறங்கிவிட்டது. ஹேண்ட்பிரேக் என்ற இலவசச் செயலியில் அந்தக் கிளிப்பை முந்தைய முறையான ஹெச்.264க்கு, விநாடிக்குச் சீரான 25 ஃபிரேமுக்கு மாற்றினேன். எக்ஸ்போர்ட் 100ஐத் தொட்டது.

அத்தை ஒப்புக்கொள்ளவில்லை. "அவன் ஃபோன் ஒன்றரை லட்சமாம். அதுவாடா கெடுக்கும்?" எங்கள் வீட்டுச் சமையல்கார மாமாவின் கண்ணாடி உடைந்த ஃபோனில் எடுத்த கிளிப்புகள் ஒன்றுகூடத் தகராறு செய்யவில்லை என்றேன். "அது மாமாவோட கைராசி" என்று முடித்துவிட்டாள்.

அடுத்த பங்குனிக்கு மாடவீதி வருகிறவர்களுக்கு ஒரு விண்ணப்பம். வீட்டை விட்டுக் கிளம்புமுன் ஃபோனின் கேமரா செட்டிங்ஸில் ஹெச்.265 இருந்தால் ஹெச்.264க்கு மாற்றிவிடுங்கள். மாற்ற மனமில்லையென்றால் ஃபோனைப் பையில் வைத்துவிட்டுக் கும்பிடுங்கள்.