வாங்க ஆயிரம் பேர், ஏற ஆளில்லை

அப்பா கடை நடத்திய காலத்தில் உடன்குடியில் கருப்பட்டி சிப்பம் சிப்பமாகக் கிடந்தது. வாங்க ஆள் தேடி அவர் ஊர் ஊராகப் போனார். நான் கடை நடத்தும் இந்தக் காலத்தில் வாங்குகிறவர்கள் கைபேசியில் வரிசை கட்டி நிற்கிறார்கள். கருப்பட்டி தேடி நான் தேரிக்காட்டுக்குள் விடிலி விடிலியாகப் போகிறேன். இந்தத் தலைகீழ் மாற்றம் ஒரே தலைமுறைக்குள் நடந்து முடிந்துவிட்டது. வாட்ஸ்அப்பிலும் இன்ஸ்டாகிராமிலும் சிறுதொழில் செய்ய வருகிறவர்களுக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது என்பதால் எழுதுகிறேன்.

எங்கள் பக்கத்துச் செம்மணல் தேரியில் பங்குனி, சித்திரை வந்துவிட்டால் பனங்காட்டுக்குள் விடிலிகள் எழும்பும். ஓலை வேய்ந்த அந்தக் குடிசைகளுக்குள்தான் அடுப்பு. விடியுமுன்னே பனையேறி மரம் ஏறிவிடுவார். பாளையின் நுனியை மெல்லியதாகச் சீவி, உள்ளே சுண்ணாம்பு தடவிய கலயத்தைக் கட்டுவார். சுண்ணாம்பு இல்லாவிட்டால் சாறு புளித்துக் கள்ளாகிவிடும். சாயங்காலம் மறுபடியும் ஏறிப் பாளை சீவ வேண்டும். ஒரு நாள் விட்டாலும் பாளை வறண்டுபோகும். நல்ல உடம்புக்காரர் ஒரு நாளைக்கு முப்பது, நாற்பது மரம் பார்ப்பார். இறக்கிய பதனீரை வடிகட்டி, அகன்ற இரும்புத் தாச்சியில் ஊற்றிக் காய்ச்சுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்கள். காய்ந்த ஓலையும் உடைமுள்ளும் எரியும் புகைக்குள் மணிக்கணக்கில் நின்று, பொங்கி வரும்போது நசுக்கிய ஆமணக்கு விதையைப் போட்டு நுரையை அடக்கி, பதம் பார்த்துச் சிரட்டையில் ஊற்றுவார்கள். எட்டு லிட்டர் பதனீர் காய்ச்சினால் ஏறக்குறைய ஒரு கிலோ கருப்பட்டி. ஆடி பிறக்கும்போது பருவம் முடிந்துவிடும். பிறகு அடுத்த பங்குனி வரை மரம் தராது.

அந்தச் சில மாதத்துச் சரக்கை வருஷம் முழுக்க விற்பதுதான் அப்பாவின் தொழில். அவருக்கும் ஒரு வலை இருந்தது. தூத்துக்குடி, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து போய் மதுரையிலும் திருச்சியிலும் சென்னையிலும் மளிகைக் கடை போட்ட அண்ணாச்சிமார்தான் அந்த வலை. சொந்தம், சொந்தத்துக்குச் சொந்தம், ஒரே ஊர்க் கோயிலுக்கு வரி கொடுக்கிறவர்கள் என்று ஒருவர் இன்னொருவரைச் சொல்லிவிடுவார்கள். தபால் அட்டையில் ஆர்டர் வரும். "அண்ணாச்சி, தீபாவளிக்கு நாலு சிப்பம் லாரியில் போட்டுவிடவும், பழைய கருப்பட்டியாக இருந்தால் நல்லது" என்று இரண்டே வரி. பணம் மாதக் கணக்கில் தவணையாக வந்து சேரும். விளம்பரம் என்றால் சிவகாசியில் அடித்த தினசரிக் காலண்டர் ஒன்றுதான். முருகன் படத்துக்குக் கீழே எங்கள் கடைப் பெயர். அந்தப் பெயர் ஒரு மளிகைக் கடைச் சுவரில் வருஷம் முழுக்கத் தொங்கும். இன்று நான் போடும் ஒரு ரீல் மறுநாளே ஆயிரம் ரீல்களுக்கு அடியில் போய்விடுகிறது.

ஆனால் அந்தக் காலத்தைப் பொற்காலம் என்று சொல்ல எனக்கு மனம் வராது. வெள்ளைச் சீனி வீட்டுக்கு வீடு வந்த பிறகு, கருப்பட்டிக் காப்பி ஏழை வீட்டுக் காப்பியாகிவிட்டது. விருந்தாளி வந்தால் கருப்பட்டி டப்பாவை ஒளித்துவைத்த வீடுகளை நான் பார்த்திருக்கிறேன். சரக்கு தேங்கினால் விலை விழும். விழுந்த விலை முதலில் பனையேறியின் தலையில்தான் இறங்கும். மழைக்காலத்தில் வேலை இல்லாதபோது வியாபாரியிடம் முன்பணம் வாங்குவார். பருவத்தில் காய்ச்சிய கருப்பட்டி அந்தக் கடனுக்கே போகும். விலையை வியாபாரிதான் சொல்வார். அறுபது, எழுபது அடி உயரத்தில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு இறக்கிய பதனீர் எந்த ஊரில், யார் வீட்டுக் காப்பியில் கரைந்தது என்று அவருக்குத் தெரியாது. குடித்தவருக்கும் இவரைத் தெரியாது. அந்த வாழ்க்கை தன் பிள்ளைக்கு வேண்டாம் என்று ஒவ்வொரு பனையேறியும் தீர்மானித்ததில் என்ன ஆச்சரியம்? பிள்ளைகளைப் படிக்கவைத்தார்கள். பிள்ளைகள் சென்னைக்கும் திருப்பூருக்கும் வளைகுடாவுக்கும் போனார்கள். ஆள் ஏறாத மரங்கள் செங்கல் சூளைக்குப் போயின. தமிழ்நாட்டின் மாநில மரம் பனை என்று பாடப்புத்தகத்தில் படித்துக்கொண்டிருந்தபோதே, எங்கள் ஊர்ச் சாலையில் பனந்தடி ஏற்றிய லாரிகளையும் பார்த்து வளர்ந்தவள் நான்.

காற்று திசை மாறியதை எங்கள் கடைத் திண்ணையில் உட்கார்ந்தபடியே உணர முடிந்தது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராக விதைத்துவிட்டுப் போன பேச்சு, 2013 இறுதியில் அவர் மறைந்த பிறகும் முளைத்துக்கொண்டே இருந்தது. 2016இல் ஜியோ வந்து இணையம் மலிவானது. 2017 ஜனவரியில் மெரினாவில் ஜல்லிக்கட்டுக்காகக் கூடிய இளைஞர்கள், நாட்டு மாட்டோடு நாட்டுச் சர்க்கரையையும் மரபரிசியையும் கருப்பட்டியையும் பேசத் தொடங்கினார்கள். நெடுஞ்சாலை ஓரங்களில் 'கருப்பட்டி காபி' என்ற பலகைகள் முளைத்தன. அப்பா விற்க முடியாமல் பரணில் வைத்திருந்த பொருளின் படத்தை நான் ஃபேஸ்புக்கில் போட்டேன். சிரட்டையிலிருந்து கவிழ்த்து அடுக்கிய வட்டுகளின் சாதாரணப் படம்தான். "இது எங்க ஆச்சி வீட்டு வாசனை" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் எழுதினார். "சிங்கப்பூருக்கு அனுப்புவீர்களா?" என்றார் இன்னொருவர். 2018இல் வாட்ஸ்அப் பிசினஸ் வந்த பிறகு விலைப்பட்டியலும் பொருட்படங்களும் அதிலேயே ஏறின. யுபிஐ வந்ததால் பணம் தவணையில்லாமல் வந்தது.

இதில் எனக்குக் கிடைத்த நன்மையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஊரைவிட்டு நகராத ஒரு பெண், மூலதனம் என்று ஒன்றும் இல்லாமல், நாடு முழுக்க வாடிக்கையாளரைச் சம்பாதிக்க முடிந்தது. இடையில் இருந்த மூன்று கை குறைந்தது. சிப்பம் கணக்கில் வாங்கிய கடைக்காரருக்குப் பதில், அரைக் கிலோ வாங்கும் தாய் என்னோடு நேரடியாகப் பேசினாள். குழந்தைக்கு எப்படிக் கொடுப்பது, வடிகட்டாமல் போடலாமா, சுக்கு மிளகு சேர்த்த சில்லுக்கருப்பட்டி கிடைக்குமா என்று கேட்டாள். அப்பாவுக்கு வாய்க்காத உரையாடல் அது.

பிறகு ரீல் வந்தது. பனையேறும் காட்சிக்குத்தான் மவுசு என்பது எல்லாருக்கும் சீக்கிரமே தெரிந்துவிட்டது. விடியல் வெளிச்சத்தில் ஒரு மனிதர் மரத்தில் ஏறுவதை எடுத்துப்போட்டால் லட்சக்கணக்கானவர்கள் பார்க்கிறார்கள். வெளியூர்க்காரர்கள் கேமராவோடு வந்து, "இன்னொரு தடவை ஏறுங்க அண்ணே" என்று கேட்டதையும் பார்த்தேன். எனக்குப் பெரியப்பா முறை வேண்டிய பனையேறி ஒருவர் அப்படி எடுத்த காணொளியைத் தன் பேரனின் கைபேசியில் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டார்: "இதைப் பாத்த அத்தனை பேரும் ஆளுக்கு அரைக் கிலோ வாங்குனா, நம்ம விடிலில அடுப்பே அணையாதே தாயி. எத்தனை பேரு வாங்குனாவ?"

சமூக ஊடகத்தில் தொழில் செய்கிற யாரும் ஒருமுறையாவது தன்னைக் கேட்டுக்கொள்ள வேண்டிய கேள்வி அது. பார்த்தவர் எண்ணிக்கை திரையில் தெரியும். அது உழைத்தவரின் கூலியில் தெரிகிறதா? அன்றிலிருந்து எங்கள் பக்கத்தில் பனையேறியின் படம் வந்தால், அந்தப் பருவத்தில் ஒரு கிலோவுக்கு அவருக்கு நாங்கள் கொடுக்கும் விலையும் கூடவே வரும். பொட்டலத்தில் எஃப்.எஸ்.எஸ்.ஏ.ஐ. எண்ணுக்குப் பக்கத்தில் காய்ச்சிய மாதத்தை அச்சிடுகிறோம். காய்ச்சிய பெண்ணின் கணக்குக்கே பணம் நேராகப் போகிறது. விலை கூடியபோது வாடிக்கையாளர்களிடம் காரணத்தைச் சொன்னோம். சிலர் விலகினார்கள். நின்றவர்கள் இன்றும் நிற்கிறார்கள்.

அதைவிடக் கடினமான இடம் ஒன்று உண்டு. கைபேசிக்குப் பருவம் தெரியாது. தினமும் ஏதாவது போட்டால்தான் நம் பக்கம் மற்றவர் கண்ணில் படும். இரண்டு மாதம் பேசாமல் இருந்தால் திரையிலிருந்து நழுவிப்போவோம். கார்த்திகையிலும் ஆர்டர் வரும், மார்கழியிலும் வரும். ஆனால் மரம் ஆடியோடு கை விரித்துவிட்டது. ஏறுகிற ஆட்களும் வருஷத்துக்கு வருஷம் குறைகிறார்கள். அப்படியானால் வருஷம் முழுக்க, கேட்ட அளவு, கேட்ட அன்றே அனுப்பப்படும் கருப்பட்டி எங்கிருந்து வருகிறது? அதில் ஒரு பகுதி சீனியிலிருந்து வருகிறது. கிலோ 40 ரூபாய்ச் சொச்சத்துக்குச் சீனி கிடைக்கிறது. சுத்தமான கருப்பட்டி 300 ரூபாயைத் தாண்டி நிற்கிறது. கொஞ்சம் பதனீரில் நிறையச் சீனியைக் கொட்டிக் காய்ச்சி அதே சிரட்டையில் ஊற்றினால், படத்தில் இரண்டும் ஒன்றுதான். கலப்படத்துக்குப் பேராசை ஒரு காரணம். 'இல்லை' என்று சொல்ல விடாத சந்தை இன்னொரு காரணம். உடன்குடிக் கருப்பட்டிக்கு இன்று புவிசார் குறியீடு இருக்கிறது. அது ஊர்ப் பெயரைக் காப்பாற்றும்; வட்டுக்குள் இருப்பதைக் காப்பாற்ற வேண்டியவர்கள் விற்கிற நாங்கள்தான்.

ஆகவே நாங்கள் 'இல்லை' என்பதையே பதிவாகப் போடத் தொடங்கினோம். "இந்த வருஷத்துச் சரக்கு தீர்ந்தது. அடுத்தது சித்திரையில்." ஓய்ந்த மாதங்களில் பனங்கொட்டை ஊன்றுவதையும் கிழங்கு பிடுங்குவதையும், ஓலைக் கொட்டான் முடையும் கைகளையும் காட்டினோம். மரத்தின் வருஷத்தை வாடிக்கையாளரும் எங்களோடு சேர்ந்து கழிக்கட்டும் என்பது என் எண்ணம். ஐப்பசி ஈரத்தில் கருப்பட்டி கசிந்து இளகியதைப் படம் எடுத்து, "கெட்டுப்போன பொருளை அனுப்பிவிட்டீர்கள்" என்று கோபமாக எழுதியவர்களுக்கு, காற்றின் ஈரத்தை இழுப்பது அதன் குணம் என்பதையும், அந்தக் காலத்தில் அடுப்புக்கு மேலே பரணில் புகைபடும்படி ஏன் வைத்தார்கள் என்பதையும் பொறுமையாக எழுதினோம். சண்டைக்கு வந்தவர்களில் பலர் இன்று மற்றவர்களுக்கு அதையே விளக்குகிறார்கள்.

2023 டிசம்பரில் எங்கள் மாவட்டத்தை மழை மூழ்கடித்தது. பக்கத்துக் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறக்குறைய 95 சென்டிமீட்டர் கொட்டியது. மின்சாரமும் இல்லை, கைபேசியும் வேலை செய்யவில்லை. தொடர்பு திரும்பியபோது எனக்கு வந்து குவிந்திருந்த செய்திகளில் ஆர்டர்கள் குறைவு. "விடிலிக்காரர்கள் பத்திரமா?" என்றுதான் பலர் கேட்டிருந்தார்கள். அடுத்த பருவத்துக் கருப்பட்டிக்கு இப்போதே பணம் தருகிறோம், அவர்களுக்குக் கொடுங்கள் என்றார்கள் சிலர். அப்பா காலத்தில் முன்பணம் பனையேறியைக் கட்டிப்போட்டது. இந்த முன்பணத்தோடு கடன் சீட்டு எதுவும் வரவில்லை. மழைக்காலத்தில் அடுப்பெரிய உதவிவிட்டு, பருவத்தில் சொன்ன விலைக்குக் கருப்பட்டியாகத் திரும்பி வந்தது. அப்போதுதான் இந்தக் கைபேசித் திரையின் மேல் எனக்கு முழு நம்பிக்கை வந்தது.

ஆனாலும் கணக்கு இன்னும் நேராகவில்லை. தமிழ்நாட்டில் சுமார் 5 கோடிப் பனை இருப்பதாகச் சொல்கிறார்கள். எங்கள் தேரியில் மரம் நிற்கிறது. ஏறும் கால்கள்தான் இல்லை. 2021இல் அரசு பனை வெட்டுவதற்கு ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றது. அதை மனதார வரவேற்கிறேன். வெட்டாமல் நிற்கும் மரம் கருப்பட்டி தர வேண்டுமானால், விழுந்தால் குடும்பத்தைக் காப்பாற்றும் காப்பீடு வேண்டும், மழைக்கால வருமானம் வேண்டும், ஏறுகிற இளைஞனுக்குப் பெண் கொடுக்கும் மரியாதை வேண்டும். இவற்றில் முதல் இரண்டையும் அரசும் வியாபாரியும் செய்யலாம். மூன்றாவதை வாங்குகிறவர்களும் பார்க்கிறவர்களும்தான் தர முடியும்.

சிறுதொழிலுக்குச் சமூக ஊடகம் வேண்டுமா என்று என்னிடம் கேட்கும் பெண்களுக்கு நான் சொல்வது இதுதான்: தாராளமாக வாருங்கள். ஆனால் வாடிக்கையாளரைச் சேர்ப்பதற்கு முன், உங்கள் பொருளைச் செய்கிற கைகளை எண்ணுங்கள். அந்தக் கைகளால் எவ்வளவு முடியுமோ அவ்வளவே விற்பனை. கேட்பவர் கூடினால் முதலில் கூட வேண்டியது அந்தக் கைகளின் கூலி. வாங்குகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள் உண்டு. "சுத்தமானதா?" என்று கேட்டால் எல்லாரும் ஆமாம் என்பார்கள். எந்த மாதம் காய்ச்சியது, யார் காய்ச்சியது, அவருக்கு என்ன கிடைத்தது என்று கேளுங்கள். பதில் சொல்லத் தெரிந்தவரிடம் வாங்குங்கள். 'தீர்ந்துவிட்டது' என்று அவர் சொன்னால் சித்திரை வரை காத்திருங்கள். அப்படிக் காத்திருக்கும் ஒவ்வொருவரும், இன்னொரு இளைஞன் அரிவாள்பெட்டியை இடுப்பில் கட்டுவதற்கு ஒரு காரணம் ஆகிறார்.