மாட்டுங்காவின் மயான வழிகாட்டி

மும்பைத் தமிழர்களுள், ஊரிலிருந்து வரும் உறவினருக்கு நகரைச் சுற்றிக் காட்டுவோரை இரு வகையாகப் பகுக்கலாம். முதல் வகையினர் காலையில் சித்தி விநாயகர், நண்பகலில் மகாலட்சுமி, மாலையில் கேட்வே, இரவில் சௌபாத்தி பேல்பூரி என்று விருந்தாளியை முறையாகக் களைப்படையச் செய்து ரயிலேற்றிவிடுவர். இரண்டாம் வகையினரே ஆராய்ச்சிக்கு உரியவர். அவர்களை மயான வழிகாட்டிகள் எனலாம். ஒரு நகரை அறிவதாவது அதில் யார், எங்கே, எவ்வாறு இறந்தார் என்பதை அறிவதே என்னும் கொள்கையுடைய இவ்வகையைச் சேர்ந்தவர், பெரும்பாலும் வங்கியிலோ ரயில்வேயிலோ ஓய்வு பெற்று, மாட்டுங்காவிலோ செம்பூரிலோ குடியிருந்து, உறவுமுறை எதுவாயினும் எல்லோராலும் ‘மாமா’ என்றே அழைக்கப்படுபவர்.

மாமாவின் யாத்திரை மலபார் ஹில்லில் உள்ள டூங்கர்வாடியில் தொடங்கும். பார்சிகள் தம் இறந்தோரைப் புதைப்பதும் எரிப்பதும் இல்லாமல், தக்மா எனப்படும் கூரையற்ற வட்டக் கற்கோபுரத்தில் கழுகுகளுக்கு ஒப்படைத்து வந்த இடம் அது. பிற மதத்தவர் அக்கோபுரங்களை நெருங்க முடியாது என்பதால் விருந்தாளிகளுக்குக் காணக் கிடைப்பன மரங்களும் ஒரு மதிற்சுவரும் மட்டுமே. ஆயினும் அச்சுவரின் முன் அரைமணி நேரம் உரையாற்றும் ஆற்றல் மாமாவுக்கு உண்டு. மாடுகளுக்குக் கொடுக்கப்பட்ட டைக்ளோஃபெனாக் என்னும் வலிநிவாரணி, அம்மாடுகளின் உடலைத் தின்ற கழுகுகளின் சிறுநீரகத்தைக் கெடுத்து அவ்வினத்தையே ஏறத்தாழ அழித்ததையும், 2006-இல் அரசு அம்மருந்தைக் கால்நடைகளுக்குத் தடை செய்ததையும் அவர் விவரிக்கும்போது, நெருங்கிய உறவினரைப் பறிகொடுத்தவரின் குரல் அவருக்கு வந்துவிடும். அருகிலுள்ள ஹேங்கிங் கார்டன் 1881-இல் ஒரு குடிநீர்த் தேக்கத்தின் மேல் அமைக்கப்பட்டது. கழுகுகள் கவ்விச் செல்பவை தண்ணீரில் விழாதிருக்கவே தேக்கம் மூடப்பட்டது என்று நகரில் வழங்கும் கதையை, விருந்தாளிகள் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிக்கும் கணம் வரை மாமா சொல்லாமல் காத்திருப்பார்.

அதே குன்றில் 1925 ஜனவரியில் பாவ்லா என்னும் செல்வந்தர் காரில் சென்றபோது சுட்டுக் கொல்லப்பட்டதையும், கோல்ஃப் ஆடிவிட்டுத் திரும்பிய ஆங்கில அதிகாரிகள் குறுக்கிட்டு உடனிருந்த மும்தாஜ் என்னும் நடனமங்கையைக் காப்பாற்றியதையும், வழக்கின் விளைவாக, கொலையின் பின்னணியில் இருந்ததாகச் சந்தேகிக்கப்பட்ட இந்தூர் மகாராஜா மறு ஆண்டே அரியணை துறந்ததையும் சொல்லி முடித்தபின், பரிவாரம் துறைமுகப் பக்கம் நகரும். 1944 ஏப்ரல் 14 அன்று, பஞ்சும் வெடிமருந்தும் ஒருசேர ஏற்றி வந்த ஃபோர்ட் ஸ்டிகின் என்னும் கப்பல் விக்டோரியா கப்பல்துறையில் வெடித்ததில் 66 தீயணைப்பு வீரர்கள் உட்பட நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; நாடெங்கும் இன்றும் அந்நாளில்தான் தீயணைப்பு வாரம் தொடங்குகிறது. கப்பலில் தங்கக் கட்டிகளும் இருந்தன, அவை வெடிப்பில் பறந்தன என்று கேட்டவுடன், அதுவரை கால்வலி பேசிக்கொண்டிருந்த அத்தைமார் நிமிர்ந்து, ஒவ்வொன்றும் எத்தனை பவுன் என்று வினவுவர். துறைமுகத்திலும் காணக் கிடைப்பது மதிற்சுவரே. 1982-இல் தீப்பற்றி மூடப்பட்டு, பேய்க்கதைகளுக்கும் திரைப்படப் பிடிப்புகளுக்கும் பேர்போன கொலாபாவின் முகேஷ் மில்லிலும் காவலாளியைத் தாண்டி மாமாவின் விருந்தாளிகள் எவரும் சென்றதில்லை. சுருங்கச் சொன்னால், மாமா காட்டுவது மும்பையின் சுவர்களை. மற்றவை அவர் வாய்மொழி.

இவ்வகையினருக்கு ஓர் இலக்கணமும் உண்டு: மரணம் பழையதாகவும் தொலைவிலும் இருக்க வேண்டும். 1896-இல் பம்பாயைத் தாக்கிய பிளேக் நோய்க்குப் பின், நெரிசலைக் குறைக்கவென்று 1898-இல் நிறுவப்பட்ட நகர மேம்பாட்டு டிரஸ்ட் வகுத்த திட்டத்தில்தான் தாதர்-மாட்டுங்கா பகுதி அகன்ற சாலைகளோடு உருவாயிற்று. அதாவது, மாமா காலை நடை போகும் தெருவே அக்கொள்ளைநோயின் வாரிசு. இதை அவர் விருந்தாளிகளிடம் சொல்வதில்லை. வீட்டின் விலை குறையும் என்று அஞ்சுகிறார். பக்கத்திலுள்ள தாராவியில் 1737-இல் கட்டப்பட்ட காலா கில்லா என்னும் ஆங்கிலேயர் கோட்டை இருப்பதும் அவர் பட்டியலில் இல்லை. அயல்நாட்டார் கட்டணம் செலுத்தித் தாராவியைச் சுற்றிப் பார்க்கிறார்களே என்று ஊரிலிருந்து வந்த பையன் கேட்டால், “அங்கே என்னடா இருக்கு? எல்லாரும் உயிரோட வேலை பார்த்துண்டிருக்கா” என்று பதில் வரும். திருநெல்வேலிச் சீமையிலிருந்து வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் தோல் பைகளும் மண்பாண்டங்களும் உருவாகும் சந்துகளை வெள்ளைக்காரர்களுக்குக் காட்டிப் பணம் ஈட்ட, மாமாவோ இறந்தவர்களை இலவசமாகக் காட்டி வசை ஈட்டுகிறார்.

யாத்திரையின் இறுதிக் கட்டம் வீட்டு வாசலில் நிகழ்கிறது. இறப்பு நேர்ந்த இடத்துக்குச் சென்று திரும்புவோர் குளித்த பின்னரே அடுக்களைப் பக்கம் வரலாம் என்பது தீட்டு எனப்படும் வழக்கத்தின் விதி. சுவருக்கு வெளியே நின்றவர்களுக்குத் தீட்டு இல்லை என்றும், மாண்டவர் எவரும் பங்காளி, அதாவது தந்தைவழி உறவினர், அல்லர் என்றும் மாமா வாதிடுவார். மாமியின் தீர்ப்பு வேறு. சொந்தத் தம்பியின் பிறந்தநாளை மறந்துவிட்டு, பாவ்லா செத்த ஆண்டையும் கப்பல் வெடித்த தேதியையும் தப்பாமல் சொல்பவருக்கு அவர்களைவிடக் கிட்டிய பங்காளி யாருமில்லை என்று அறிவித்து, வெந்நீர் போட்டிருப்பதாகவும் வயதில் மூத்தவர் முதலில் போகலாம் என்றும் மாமி சொல்லிவிடுவார்.