பரணைப் பார்த்துப் பேசுபவர்

துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் நம் முகத்தைப் பார்ப்பார்கள், இல்லையென்றால் மாலை போட்ட படத்தைப் பார்ப்பார்கள். ரிக்கார்டு சார் மட்டும் பரணைப் பார்ப்பார். "அப்பா பெரிய ரசிகராச்சே... எல்லாம் பத்திரமா மேலதானே இருக்கு?" என்று குரல் தழுதழுக்கும்.

சென்னையில் மூர் மார்க்கெட் இருந்தவரை இவருக்கு இந்தப் பிழைப்பு வேண்டியிருக்கவில்லை. துணிப்பையோடு போய்ப் பேரம் பேசிப் பழைய இசைத்தட்டுகளைத் தூக்கி வரலாம். 1985இல் அது எரிந்துபோனது. அதற்கப்புறம் சாவு வீடுகள்தான். காலையில் பேப்பர் வந்ததும் 'காலமானார்' பத்தியைத்தான் முதலில் படிப்பார். வயது எண்பதைத் தாண்டி, முகவரியும் மயிலாப்பூர், திருவல்லிக்கேணி என்று இருந்தால் சட்டையை மாட்டிவிடுவார். பழைய மைக்செட்காரர் யாராவது போய்ச் சேர்ந்தால் கேட்கவே வேண்டாம். ஊர்க் கல்யாணத்துக்கெல்லாம் பாட்டுப் போட்ட பெட்டியல்லவா, ரோஜா மாலையே வாங்கிப் போவார். போகிற நாளுக்கும் கணக்கு உண்டு. மூன்றாம் நாள் போனால் அநாகரிகம். பதினாறு முடியட்டும் என்று காத்திருந்தால் பழைய பேப்பர்காரர் முந்திக்கொள்வார். பத்து, பதினொன்று உத்தமம்.

பெட்டி கீழே இறங்கியதும் துக்கம் போன இடம் தெரியாது. பழைய 78 தட்டுகள் அரக்கில் செய்தவை, கை தவறினால் அப்பளம். அதனால் வேறு யாரையும் தொட விடமாட்டார். கிட்டப்பா, சுந்தராம்பாள் என்று லேபிளில் தெரிந்தால் மூச்சு நின்று வரும். 'திருவிளையாடல்' கதை வசனம் வந்தால் முகம் சுருங்கும். "அவருக்கு உசிரே இதுதான்" என்று வீட்டம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டால், "இது எல்லா வீட்லயும் இருக்கும்மா" என்று ஓரமாக வைப்பார். "எடுத்துட்டுப் போங்க சார், பரண் காலியானா போதும்" என்று மருமகள் சொன்னதும் ஒரு கும்பிடு போடுவார் பாருங்கள், அது மட்டும் மனசார வருவது.

எங்கள் அப்பாவின் பெட்டியும் அப்படித்தான் போனது. ஒரே ஒரு பாட்டுக் கேட்க ஆசைப்பட்டு அவர் வீட்டுக்குப் போனேன். தட்டை உறையிலிருந்து உருவினார், வெளிச்சத்தில் சாய்த்தார், கல்கத்தா டம்டம் தொழிற்சாலையில் அச்சானது என்று விளக்கினார், ஓரத்தில் பொறித்த எண்ணைப் படித்துக் காட்டினார். மறுபடி உறையில் போட்டுவிட்டார். "ஊசி பட்டா தேஞ்சிடும் சார்." பிறகு செல்போனை எடுத்து அதே பாட்டை யூடியூபில் போட்டார். நடுவில் விளம்பரம் வேறு.

சும்மா சொல்லக்கூடாது, இவர் இல்லாவிட்டால் அந்தப் பெட்டி எடைக்குப் போயிருக்கும், உறையைக் கரையான் தின்றிருக்கும். முப்பதுகளில் வந்த எத்தனையோ பேசும் படங்களின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை. அவற்றின் பாட்டு ஏதாவது மிச்சமிருக்கிறதென்றால், இந்த மாதிரி ஒரு பைத்தியம் பரண் ஏறியதால்தான். அதற்காகத்தான் இன்னமும் காப்பி கொடுக்கிறோம்.

ஆனால் இவருக்கும் வயது எழுபத்தெட்டு. பிள்ளை வெளிநாட்டில். வீட்டில் கட்டிலுக்கு அடியில், பீரோ மேல், பூஜை அறையில்கூடத் தட்டுகள். "தரமணியில ரோஜா முத்தையா நூலகம் இருக்கே சார், குடுத்துடலாமே?" என்றேன்.

பதறிப்போனார். "ஐயோ, அங்க யார் வேணும்னாலும் கேப்பாங்களே!"