எலுமிச்சை உப்பு சோடா பொங்குதல்: கறம்பக்குடியை முன்வைத்து ஒரு சமநிலை ஆராய்ச்சி

கறம்பக்குடியின் சித்திரை வெயில் பற்றி அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பக்கம் ஓடுகிற ஆற்றுக்கே அக்னியாறு என்றுதான் பெயர். வேறுபாடு தலைதூக்குவது பெட்டிக்கடையில், தம்ளரில் எலுமிச்சை பிழிந்த பிறகு. உப்பைப் போட்டுவிட்டுக் கோலி சோடாவை ஊற்றுவதா, ஊற்றிய சோடாவின் மேல் உப்பைத் தூவுவதா? முன்னவரை முன்னுப்பு மரபினர் என்றும் பின்னவரைப் பின்னுப்பு மரபினர் என்றும் இக்கட்டுரை வழங்கும். “அண்ணே, பொங்குது பாருங்கண்ணே!” என்று கத்துவதில் இரு மரபினருக்கும் ஒற்றுமை உண்டு.

இத்துறையின் முன்னோடிகள் இருவர். 1803-இல் வில்லியம் ஹென்றி, தண்ணீரில் கரையும் வாயுவின் அளவு மேலே அழுத்தும் அதே வாயுவின் அழுத்தத்துக்கு நேர்விகிதம் என்று நிறுவினார். 1872-இல் ஹைரம் காட் கோலி பாட்டிலுக்குக் காப்புரிமை பெற்றார். இருவரும் கறம்பக்குடிக்கு வந்ததற்குச் சான்றில்லை.

காட் செய்த தந்திரம் எளியது. உள்ளே அடைபட்ட வாயுவே கோலியை ரப்பர் வளையத்தோடு அழுத்தி வாயை மூடிக்கொள்கிறது, கைதியே காவலர். அங்கே வாயுவும் தண்ணீரும் சமநிலையில் இருக்கின்றன. 25 டிகிரியில், ஒரு காற்றழுத்தத்தில் லிட்டருக்குச் சுமார் 1.45 கிராம் கரியமில வாயு கரையும். பாட்டிலில் மூன்று மடங்கு அழுத்தம் என்று கொண்டால் 4 கிராமுக்கு மேல். கடைக்காரர் கட்டைவிரலால் கோலியைத் தள்ளிய கணத்தில் அந்தச் சமநிலை செத்தது.

புதிய சமநிலை எது? வெளிக்காற்றில் கரியமில வாயு 0.04 சதவீதம்தான். கணக்கிட்டால் லிட்டருக்கு 0.6 மில்லிகிராம் மிஞ்சும். அதாவது முழுச் சமநிலை எய்திய சோடாவுக்குப் பச்சைத் தண்ணீர் என்று பெயர். கிப்ஸின் சமநிலைக் கோட்பாடு (1876-78) வாடிக்கையாளருக்குத் தரும் உறுதி இவ்வளவே.

இனி உப்புக்கு வருவோம். உப்புத் தண்ணீரில் வாயு குறைவாகவே கரையும் என்பதை 1889-இல் சூத்திரமாக்கியவர் ருஷ்ய உடலியல் அறிஞர் செசெனோவ். பின்னுப்பு மரபினர் பொங்குதலுக்குக் காரணம் இதுவே என்று சாதிக்கக்கூடும். ஆனால் 200 மில்லி சோடாவில் தாராளமாக 1 கிராம் போட்டாலும் கரைதிறன் குறைவது 2 சதவீதம்தான். 2 சதவீதத்துக்கா பலகை நனைகிறது? எலுமிச்சை மேல் பழி போடுவாரும் உளர். சமையல் சோடா கலக்காத வெறும் சோடாவில் புளிப்புக்கு அவ்வளவு வேலை இல்லை.

உண்மைக் குற்றவாளி உப்பு அல்ல, உப்பின் பரல். குமிழி சிறிதாக இருக்கும்போது அதன் தோலே அதை நசுக்கிவிடும். ஆகவே வெளியேறத் துடிக்கிற வாயு, பஸ் நின்றதும் படிக்கட்டைத் தேடுகிற கூட்டம்போல ஒரு வழிக்குக் காத்திருக்கிறது. உப்புப் பரலின் சொரசொரப்பில் ஒட்டி வருகிற காற்றுப் பொட்டுகள் ஒரே நேரத்தில் ஆயிரம் படிக்கட்டுகளைத் திறந்துவிடுகின்றன. எங்கே போய்ச் சேர வேண்டும் என்பதைச் சமநிலை சொல்லும். எப்போது என்பதை அது சொல்லாது. உப்பு, வாயு போகிற இடத்தை மாற்றவில்லை, போகிறதை விரட்டுகிறது.

அடியில் கரையாமல் கிடக்கும் உப்பை ‘தெவிட்டிய நிலை’ என்று கடைக்காரர் வாதிட்டால் ஏற்க வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 350 கிராமுக்கு மேல் உப்பு கரையும். அது கரண்டி போடாத குற்றம்.

தீர்ப்பு: இரு மரபும் தவறு. முன்னுப்பு மரபினர் ஓரளவு நெருங்கினார்கள். ஆனால் பரலாகவே விட்டுவிட்டார்கள். உப்பை எலுமிச்சைச் சாற்றில், தேவையானால் ஒரு மடக்குத் தண்ணீர் சேர்த்து, பரல் தெரியாமல் கலக்கிய பிறகு, தம்ளரைச் சாய்த்துச் சோடாவை ஊற்ற வேண்டும். பாட்டிலும் ஐஸ் பெட்டியிலிருந்தே வரவேண்டும். ஒரு காற்றழுத்தத்தில் 10 டிகிரியில் லிட்டருக்கு 2.3 கிராம் கரைகிற வாயு, 40 டிகிரியில் 1 கிராம்கூடத் தேறாது. வெயிலில் அடுக்கிவைத்த சோடாவுக்கு எந்த மரபும் செல்லாது. கடைக்கார அண்ணன்மார் அந்தச் சோடாப் பெட்டியை நிழலுக்கு நகர்த்துமாறு கேட்டுக்கொள்கிறேன்.