புலிக்கு மியூசியம், கள்ளுக்கு வசவு

ஏன்டா தம்பி, காசு குடுத்து டிக்கெட் வாங்கி பீர் கம்பெனியைச் சுத்திப் பார்த்துட்டு வந்தியாமே? நெசமாவா?

புக்கிட் பாத்தோக்குல எம்ஆர்டி ஏறி, அடுத்த ஸ்டேஷன் ஜூரோங் ஈஸ்ட்ல எறங்கி மாறி, தீவோட மேக்கு மூலை துவாஸ் வரைக்கும் போயிருக்க. எதுக்கு? புலிப் படம் போட்ட பாட்டிலைப் பார்க்க. அட, உன் புளோக்குக்குக் கீழ இருக்கிற காப்பிக்கடையில அதே புலிதான உக்காந்திருக்கு? கையைத் தூக்குனா பீர் ஆன்ட்டி ஐஸ் போட்ட கிளாஸோட மேசைக்கே கொண்டாந்து வெக்கிறாங்களே?

"தாத்தா, அது குடிக்கிறது. இது மரபுடைமை"ங்கிற. சரிடா சாமி.

உன்னைச் சொல்லியும் குத்தமில்லை. இந்த ஊர் வழக்கமே அப்படித்தான். நம்ம பேட்டையிலயே பாரேன். கருங்கல்லு ஒடைச்சு ஒடைச்சுப் பெரும்பள்ளமாக் கெடந்துச்சு. தண்ணி நெரப்பி, ஓரமா நாலு பெஞ்சு போட்டு, சீனாவுல இருக்கிற குய்லின் பேரை வெச்சு 'குட்டி குய்லின்'னு ஆக்கிட்டாங்க. இப்ப கல்யாண ஜோடியெல்லாம் அங்க வந்து போட்டோ எடுக்குது. அழகாத்தான் இருக்கு, நான் இல்லேங்கல. கல்லு ஒடைச்சவனுக்குத்தான் அந்தப் போட்டோவுல எடமில்லை.

சரி, மியூசியத்துல என்ன சொன்னான்? சொல்லேன். செல்பி எடுத்த, கேட்டியா?

நான் சொல்றேன் கேளு. ஃபிரேசர்னு ஒருத்தர், நீவ்னு ஒருத்தர். ரெண்டு பேரும் 1883-ல இந்த ஊர்ல சோடா கம்பெனி வெச்சவங்க. இந்த வெயில்ல சோடா விக்காம இருக்குமா? நல்லா வித்துச்சு. பீர் மட்டும் கப்பல்லதான் வந்துக்கிட்டு இருந்துச்சு. ஏன்னா இந்த மாதிரி பீரைக் குளிர்ல வெச்சு, நாள்கணக்கா ஆற அமரப் புளிக்க விடணும். இந்தப் புழுக்கத்துல அது ஆவுற காரியமா? குளிர்சாதன மிஷினு வந்த பெறகுதான் ஆச்சு. 1931-ல சோடா கம்பெனியும் ஹாலந்து ஹைனெக்கெனும் கூட்டுச் சேந்து மலாயன் புருவரிஸை ஆரம்பிச்சாங்க. அலெக்சாண்ட்ரா சாலையில ஆலை. 1932-ல புலி, அதான் டைகர் பீர், வெளிய வந்துச்சு.

இங்கதான் வேடிக்கை. சிங்கப்பூர்க் காட்டுல கடைசிப் புலியைச் சுட்டுச் சாய்ச்சது 1930-ல. எங்க? நம்ம அண்டை வீடு சுவா சூ காங்குல. உசுரோட இருந்தப்ப தோட்டக் கூலியை அடிச்சுத் தின்னுதுன்னு தலைக்கு வெலை வெச்சாங்க. செத்து ரெண்டே வருஷத்துல லேபிள்ல ஒட்டிக் கும்பிட ஆரம்பிச்சுட்டாங்க. மனுசனுக்கும் இந்த ஊர்ல அதே கதிதான்னு வெச்சுக்கயேன்.

1933-ல ஜெர்மன்காரன் வந்தான். பெக்ஸ் கம்பெனி ஆளுங்க. ஆர்ச்சிப்பெலகோ புருவரின்னு போட்டிக்கு இன்னொரு ஆலை. அவன் சரக்குக்கு நங்கூரம் மார்க், ஆங்கர் பீர். புலியும் நங்கூரமும் மல்லுக்கு நின்னுச்சுங்க. எது ருசின்னு ஜனங்க முடிவு பண்றதுக்குள்ள ரெண்டாம் உலகச் சண்டை வந்துருச்சு. வெள்ளைக்காரன் என்ன பண்ணான்? ஜெர்மன்காரன் ஆலையை எதிரி சொத்துன்னு புடுங்கி, 1941-ல புலிக்காரன் கையில குடுத்துட்டான். யாவாரத்துல செயிக்க ருசி மட்டும் போதும்னு எவனாச்சும் உன்கிட்ட சொன்னா, இந்தக் கதையைச் சொல்லு. நங்கூரம் ஆலை இருந்த எடத்துல இப்ப ஆங்கர்பாயிண்ட் கடைத்தொகுதி நிக்குது. நீ சட்டை வாங்கப் போறியே, அதேதான்.

அந்தோணி பர்ஜெஸ்னு ஒரு இங்கிலீஷ்காரர் மலாயாவுல வாத்தியாரா இருந்தாரு. 1956-ல நாவல் ஒண்ணு எழுதி, புலி பீரோட விளம்பர வாசகத்தையே அதுக்குத் தலைப்பா வெச்சாரு. இலவச விளம்பரம்தான? அதுக்குக் கைம்மாறா ஒரு விளம்பரக் கடியாரம் கேட்டாராம். மொதல்ல நாவலைப் படிச்சுப் பார்க்கணும்னு சொல்லிட்டாங்களாம் கம்பெனிக்காரங்க. மனுசனுக்குக் கோவம் வந்து, கதைக்குள்ள போட்டிக் கம்பெனி பீரை எழுதி வெச்சுட்டாராம். பிற்பாடு வந்து வேணுங்கிறதைக் குடிங்கன்னு கூப்பிட்டப்ப, அவரு ஜின்னுக்கு மாறிட்டாராம். அவரே எழுதின கதை இது. எழுத்தாளன்கிட்டக் கணக்குப் பார்த்தா இப்படித்தான் ஆவும்.

1990-ல ஆலை துவாஸுக்குப் போச்சு. நம்ம புக்கிட் பாத்தோக் எம்ஆர்டி தொறந்ததும் அதே வருஷந்தான். 2012-ல சோடா கம்பெனி தன் பங்கை ஹைனெக்கெனுக்கே வித்துட்டு ஒதுங்கிக்கிச்சு. வாற்கோதுமை இங்க வெளையுதா? இல்லை. ஹாப்ஸ் கொடி? அதுவும் இல்லை. மொதலாளி? ஹாலந்து. 'நம்ம ஊரு பீர்'னு நீ நெஞ்சைத் தட்டிக்கிறியே, நம்மளது அதுல என்னடா இருக்கு? தண்ணி. அந்தத் தண்ணியிலயும் ஜொகூர்ப் பங்கு எவ்வளவுன்னு நான் கெளற விரும்பல.

அப்பறம் நீ சொன்ன அந்தக் கிளாஸ் சங்கதி. உன் கூட்டாளி ஒருத்தன் இருக்கானே, தாடிக்காரன். பொண்ணு பார்க்கப் போனவன் கணக்கா கிளாஸை இப்படித் திருப்பிப் பார்த்தான், அப்படித் திருப்பிப் பார்த்தான். மோந்தான். கண்ணை மூடுனான். "ஆரஞ்சுத் தோல் வாசம், கடைசியில லேசாப் புல் வாசம்"ன்னான். ஏன்டா, புல் வாசம் வேணும்னா திடல்ல போய் உக்காரக் கூடாதா? வாற்கோதுமையை ஊறவெச்சு, மொளை கட்டவிட்டு, காயவெச்சு, அரைச்சு, வெந்நியில போட்டு இனிப்பை எறக்கி, கசப்புக்கு ஹாப்ஸ் போட்டுக் காய்ச்சி, ஆறவெச்சு, ஈஸ்ட்டைத் தூவிப் புளிக்க வெக்கிறான். அம்புட்டுத்தான். மொளை கட்டுறதும் புளிக்க வெக்கிறதும் உங்க ஆத்தாவுக்குத் தெரியாத வித்தையா? எந்த ஆத்தாவாவது கண்ணாடிச் செவுரு வெச்சு அதுக்கு டிக்கெட் வித்தாளா?

இப்ப நான் கேக்குறேன். கள்ளுக்கு எங்கடா மியூசியம்?

முழிக்காத. இந்த ஊர்ல தமிழன் குடிச்சது புலி இல்லை தம்பி. புலி தொரைமாருக்கும் காசு உள்ளவனுக்கும். நம்மாளு குடிச்சது தென்னங்கள்ளு. கவர்மென்ட்டே கள்ளுக்கடை நடத்துச்சு, தெரியுமா உனக்கு? பாளையைச் சீவிக் கலயத்தைக் கட்டுனா, மரத்து மேலயே பொங்க ஆரம்பிச்சுரும். அடுப்பு வேண்டாம், மிஷினு வேண்டாம், ஹாலந்துலேந்து மாஸ்டர் வரவேண்டாம். மரம் ஏறத் தெரிஞ்சவன் ஒருத்தன் போதும். அதுதான் அதுக்கு வினையாவும் போச்சு. காலையில எறக்குனது மறுநாளு காடியாப் புளிச்சுரும். பாட்டில்ல அடைச்சுக் கப்பல் ஏத்த முடியாது. லேபிள் ஒட்ட முடியாது. லேபிள் இல்லாததுக்கு எவன் மியூசியம் கட்டுவான்?

போதையில ரெண்டுக்கும் பெரிய வித்தியாசமும் கெடையாது. பீரு அஞ்சு சதவீதம்னா கள்ளும் அந்த அக்கம்பக்கந்தான். ஆனா ஒண்ணைக் குடிச்சவன் கனவான், இன்னொண்ணைக் குடிச்சவன் கள்ளுக்குடியன். காவல் சாமிக்குச் சுருட்டும் கள்ளும் வெச்சுக் கும்பிட்ட வம்சம்டா நாம. இன்னைக்கு சாமிக்கும் சில எடத்துல பாட்டில் பீருதான். சாமியே அந்தஸ்து பார்க்குது.

அதுக்காவ கள்ளுக்கு நான் கொடி புடிக்கிறேன்னு நெனைச்சுராத. கள்ளு பண்ணின கேடு கொஞ்சமா நஞ்சமா? சம்பளப் பணம் வீடு வந்து சேராது. பொம்பளைங்க புள்ளையை இடுப்புல வெச்சுக்கிட்டுக் கள்ளுக்கடை வாசல்ல நிப்பாங்க. புலி பாட்டிலுக்கு வந்த அதே 1932-ல தமிழர் சீர்திருத்தச் சங்கம் இங்க உண்டாச்சு. கோ. சாரங்கபாணி 1935-ல தமிழ் முரசு ஆரம்பிச்சாரு. அவங்கெல்லாம் "குடியை விடுங்கடா"ன்னு தொண்டை கிழியக் கத்துனாங்க. கத்த வேண்டியதுதான். ஆனா அவங்க கத்துன நேரத்துல அலெக்சாண்ட்ரா சாலையில ரெண்டு ஆலை பகலும் ராவும் ஓடிக்கிட்டு இருந்துச்சு. அதை யாரும் குடிகேடுன்னு சொல்லல, தொழில் வளர்ச்சின்னாங்க. கள்ளுக்கடையை 1979-ல மூடியாச்சு. எந்தச் செவுத்துலயாவது ஒரு பலகை இருக்கா? நான் பார்த்ததில்லை.

இன்னைய கதைக்கு வா. 2013 டிசம்பர் 8, தேக்காவுல பஸ் மோதி தமிழ்நாட்டுத் தொழிலாளி ஒருத்தரு செத்தாரு, கலவரம் ஆச்சு. விசாரிச்ச குழு, குடியும் ஒரு காரணம்னுச்சு. 2015 ஏப்ரல்ல சட்டம் வந்துச்சு. ராத்திரி பத்தரைக்கு மேல காலை ஏழு வரைக்கும் தீவு முழுக்கப் பொது எடத்துல குடிக்கக் கூடாது. தேக்காவுலயும் கேலாங்குலயும் சனிக்கிழமை காலை ஏழுலேந்து திங்கக்கிழமை காலை ஏழு வரைக்கும் ஒரு சொட்டு கூடாது. மீறுனா ஆயிரம் வெள்ளி வரைக்கும் அபராதம். நல்லதுக்குத்தான் போட்டாங்க, நானும் சட்டத்துக்கு அடங்குறவன்தான். ஆனா கொஞ்சம் ரோசிச்சுப் பாரு. கட்டடம் கட்டுறவனுக்கு லீவு ஞாயித்துக்கிழமை. அவன் புல்லுல உக்காந்து ஒரு கேனை ஒடைச்சா குத்தம். நீ அதே வாரக் கடைசியில, அதே சரக்கை, லைசென்ஸ் வாங்குன கூரைக்குக் கீழ நின்னு குடிச்சா அனுபவம். ஒரு கூரைக்கு இம்புட்டு மகிமையா!

இன்னொரு கணக்கும் போட்டுக்க. படிச்ச புள்ளைதான? பீருல இருக்கிற சுத்த ஆல்கஹாலுக்கு லிட்டருக்கு 60 வெள்ளி தீர்வை. 2014-ல 48-லேந்து ஏத்துனாங்க. 330 மில்லி கேனு, அஞ்சு சதவீதம்னா, ஒரு கேனுக்கு 99 காசு கவர்மென்ட்டுக்கு. கேனைத் தொறந்தவொடனே மொத வாய் குடிக்கிறது நீ இல்லை, தம்பி. இதை உன் தாடிக்காரன் மோந்தானா?

குடிக்காதன்னு சொல்ல நான் உனக்கு வாத்தியாரா? குடிச்சா அளவோட குடி, காரைத் தொடாத, ரயில்ல வீடு வந்து சேரு. மியூசியமும் நல்லாத்தான் வெச்சிருக்கான், மிஷினெல்லாம் பளபளன்னு இருக்கு. ஆனா இங்க, நம்ம புக்கிட் பாத்தோக்குலயே, வாய்ட் டெக்குல உக்காந்திருக்குதுங்களே கெழடுகட்டைங்க, அதுல கள்ளுக்கடையைக் கண்ணால பார்த்தவன் இன்னும் இருக்கான். 1979-ல முப்பது வயசுன்னா இப்ப எழுபதைத் தாண்டியாச்சு. கடை எங்க இருந்துச்சு, குவளை எம்புட்டு, சம்பள நாள்ல வாசல்ல யாரு நின்னு அழுதான்னு போய்க் கேளு. செல்பிக்கு நீட்டுற அந்தப் போன்ல பதிஞ்சு வெச்சுக்க. டிக்கெட் கெடையாது. ஒரு தே வாங்கிக் குடுத்தா போதும். நாளைக்கின்னு தள்ளிப் போடாத.