ஊதிப் பார்க்கும் அண்ணன்

யானைக்கவுனியில் எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் ஒரு ஸ்பீக்கர் அண்ணன் இருப்பார். வால்டாக்ஸ் ரோட்டில் பிளைவுட், ரிச்சி தெருவில் வூஃபர், ட்வீட்டர் வாங்கித் தானே பெட்டி செய்வார். கடையில் விற்கிற பெட்டியைக் காட்டினால், "அது டப்பா தம்பி" என்பார். இவர் செய்த பெட்டி மட்டும் முன்பக்கம் துணி இல்லாமல் அம்மணமாக நிற்கும். யானைக்கவுனிப் பாலத்தையே இடித்து, திரும்பக் கட்டி, வண்டியும் விட்டாயிற்று. இவர் பெட்டிக்குத் துணி ஏறவில்லை.

நெருக்கி நெய்த துணி போட்டால் ட்வீட்டரின் மெல்லிய சத்தம் செத்துவிடும். முதலில் மங்குவது ஜால்ரா. அதனால் துணியை வாயருகே பிடித்து ஊத வேண்டும். மூச்சு தாராளமாக அந்தப் பக்கம் போனால் துணி தேறியது. சோதனையைக் குறை சொல்ல முடியாது. ஆனால் அண்ணன் கண்ணில் படும் துணியையெல்லாம் ஊதுகிறாரே!

கோடவுன் தெரு மொத்தக் கடையில் ஒவ்வொரு துணிச் சுருளாகப் பிரித்து ஊதினார். ஏதோ மந்திரிக்கிறார் என்று நினைத்து சேட்டு கைகூப்பினார். கல்யாண மண்டபத்தில் மேடைத் திரையை ஊதினார். வீட்டுக் கொசுவலை தேறியது, ஆனால் பச்சை நிறம். அண்ணியின் ஜார்ஜெட் முந்தானையை, அண்ணி கட்டியிருக்கும்போதே ஊதி, "பாஸ்!" என்று கத்தினார். அப்புறம் எதிர்வீட்டுக் கொடி. தூரத்திலிருந்து பார்ப்பவர்களுக்கு ஊதுவதும் மோந்து பார்ப்பதும் ஒன்றுபோலத்தான் தெரியும். அன்றைக்கு நடந்த சண்டையில் ஜால்ரா, ட்வீட்டர் விளக்கமெல்லாம் எடுபடவில்லை.

கைவேலையில் மட்டும் மனுஷன் கில்லாடி. பக்கத்துவீட்டு ஆயாவின் மர்பி வால்வு ரேடியோவில் துணி கிழிந்தபோது பார்த்தேன். சட்டத்துக்குக் கறுப்பு பெயிண்ட் அடித்தார். இல்லாவிட்டால் கட்டை துணிக்குள்ளிருந்து பல்லிளிக்குமாம். நாலு பக்கமும் நடுவில் ஒரு பின் அடித்து, எதிரெதிராக இழுத்து இழுத்து மூலைக்குப் போனார். இழை ஒன்றுகூடக் கோணவில்லை. ஃபெவிகாலைக் கிட்டவே விடவில்லை, முன்பக்கம் கறை ஏறிவிடும் என்று. ஆயாவிடம் காசும் வாங்கவில்லை. "உங்க பெட்டி?" என்றேன். "அதுக்குத் துணி மாட்டல தம்பி."

மாட்டாததன் பலனை அனுபவிப்பது நான். ராத்திரி பதினொரு மணிக்கு அதே பாட்டு, துணி வைத்து ஒரு தரம், எடுத்துவிட்டு ஒரு தரம். "இன்னா தம்பி, வித்தியாசம் தெர்தா?" தெரிகிறது என்றால் எந்த இடத்தில் என்பார். தெரியவில்லை என்றால் என் காது சரியில்லை. சுவர் அதிர்கிறது, வீட்டில் பிள்ளைக்குக் காலையில் பரீட்சை. அண்ணே, வேடிக்கை போதும். பத்து மணிக்கு மேல் அதை அணைத்துவிடுங்கள். மாடிக் கொடியிலிருந்து எடுத்துப்போன என் கறுப்பு லுங்கியையும், தேறினாலும் தேறாவிட்டாலும், கொடுத்துவிடுங்கள்.