புதுச் செயின் பிசுக்கு: ஓர் உரைவளம்

சைக்கிள் செயின் என்பது புணர்ச்சி இலக்கணத்தின் இரும்பு வடிவம். சென்ற மாதம் நான் வாங்கியதில் 112 கண்ணிகள். திருக்குறள் அதிகாரங்களைவிட 21 குறைவு. இந்தக் கணக்கால் என்ன பயன் என்று கேட்பவர்கள் ஆய்வுலகுக்குப் புதியவர்கள். உள்தகடும் வெளித்தகடும் நிலைமொழி வருமொழியாக மாறி மாறி நிற்க, முதலும் முடிவும் கூடுமிடத்தில் உடம்படுமெய்யாக ‘லாக்’ தோன்றும். அதன் கிளிப்பில் மூடிய முனை செயின் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும், பிளந்த வாய் பின்னால். மாற்றிப் போட்டால் எதிலாவது இடித்துக் கழன்றுகொள்ளும். சந்திப்பிழைக்கு நடுரோட்டில் தண்டனை.

நிற்க. ஆய்வுப் பொருள் பிசுக்கு. புதுச் செயின் வரும்போதே ஒட்டுகிற கிரீஸோடு வருகிறது. வைத்துக்கொள்வதா, கழுவுவதா? இரண்டு மதங்கள் உண்டு. தாய்ப்பூனையே கவ்விக்கொண்டு போகும், குட்டி சும்மா இருக்கலாம் என்பது தென்கலையார் நியாயம். ஆலை பூசியதை நம்பி ஓட்டுவோர் இக்கட்சி. குரங்குக்குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலையார் நியாயம்; தானே கழுவித் தானே எண்ணெய் விடுவோர் அக்கட்சி.

அடியேன் முதலில் குரங்கின் பக்கம். ஊறுகாய் பாட்டிலில் மண்ணெண்ணெய் ஊற்றி, செயினைச் சுருட்டிப் போட்டுக் குலுக்கினேன். டிகாக்ஷன் நிறத்தில் சாறு இறங்கியது. செயின் வெள்ளி அரைஞாண்போல மின்னியது. ஈரம் காயுமுன்பே எண்ணெய் விட்டு மாட்டினேன். மூன்றாம் நாள் செயினுக்குள் மூஞ்சூறு கத்தத் தொடங்கிற்று.

என்னை? ஹான்ஸ் ரெனால்ட் 1880இல் மான்செஸ்டரில் கண்ட அமைப்பில் நடுவே ஊசி, அதன்மேல் புஷ், அதற்கும் மேல் உருளை. உராய்வு உள்ளே, ஆகவே கிரீஸுக்கு வேலையும் உள்ளே. நான் கழுவி எறிந்தது அதைத்தான். பின்னால் விட்ட எண்ணெயையும் மிச்ச மண்ணெண்ணெய் நீர்த்துப்போகச் செய்துவிட்டது. வெளிப்பூச்சு மட்டுமே பகை: தெருப்புழுதியைச் சேர்த்துக்கொண்டு அம்மியில் அரைத்த விழுதாகி இரும்பைத் தின்னும். எனவே மண்ணெண்ணெய் நனைத்த பழைய பனியன் துணியால் மேலே மட்டும் துடைக்க. காய்ந்த பிறகு உருளைக்கு ஒரு சொட்டு; பெடலைப் பின்னோக்கிச் சுற்றி, சற்றுப் பொறுத்து, வழிந்ததைத் துடைக்க. தேங்காய் எண்ணெய் விடுவாரும் உளர். மார்கழி விடியலில் அது உறையுமாதலின் அது பொருந்தாது.

தேய்மானத்தைச் சோதிக்க ஸ்கேல் போதும். 24 கண்ணி 12 அங்குலம் இருக்க வேண்டும். கால் அங்குலத்தில் பாதி கூடிவிட்டால் செயினை மாற்றுக, இல்லையேல் பல்சக்கரமும் போகும். தகடு நீண்டதாகக் கடைக்காரர் சொல்வார். தேய்ந்தவை ஊசியும் புஷ்ஷும்.

இனித் தொல்லியல் சான்று. செயின் வலப்பக்கம் ஓடுவதால் பேன்ட்டின் வலக்கால் விளிம்பில் மட்டும் கரிய பற்குறிகள் காணப்படும். என்னிடமுள்ள மூன்று பேன்ட்டிலும் இக்கல்வெட்டு உண்டு. இஸ்திரிக்காரர் அதைப் படித்துப் பார்த்துவிட்டு, “சார், இது எந்த சோப்புக்கும் போகாது” என்றார்.